லாமிலே சொன்னால் சரியாயிருக்கும்

கடலோரப் பேட்டையான புக்கோமில் குத்துச்சண்டையைப் பற்றிக் கருத்து இல்லாதவர் என்று யாரும் கிடையாது. பேச்சு வராத கைக்குழந்தையிடம்கூட இரண்டு பெயரைச் சொல்லி, எந்தப் பெயருக்குச் சிரிக்கிறது என்று பார்ப்பார்கள். முடிவெட்டுகிறவன் ஆளைப் பாதித் தலையோடு உட்கார வைத்துவிட்டு, சண்டைக்காரன் ஒகாயின் இடது கைக் குத்து எப்படி வளைந்து வரும் என்று கத்திரிக்கோலோடு செய்து காட்டுவான். உட்கார்ந்திருப்பவனும் உயிருக்குப் பயப்படாமல், "இல்லப்பா, இன்னும் கீழேர்ந்து வரும்" என்று திருத்துவான். இவ்வளவு பேர் பேசுகிற இடத்தில் யார் சொன்னால் பலிக்கும் என்று கேட்டால் மட்டும் எல்லோரும் ஒரே பக்கம் கைகாட்டுவார்கள். கடற்கரைக்கு இறங்கும் முக்கில், ஆவி பறக்கும் பானைக்குப் பின்னால் உட்கார்ந்து கெங்கே விற்கிற லாமிலேதான் அது.

இத்தனைக்கும் லாமிலே ஒரு சண்டையைக்கூட நேரில் பார்த்ததில்லை. ரத்தத்தைப் பார்த்தால் அவளுக்குத் தலை சுற்றும். அவள் பார்த்ததெல்லாம் சாப்பிடுகிறவர்களை. கெங்கே என்பது புளித்த மக்காச்சோள மாவைத் தோகையில் சுற்றி அவித்த கெட்டி உருண்டை. விரலால் அழுத்திக் கிள்ளி, மிளகாய் அரைப்பில் தோய்த்து, மீனோடு சேர்த்து வாயில் போட வேண்டும். அந்தப் பேட்டையின் சண்டைக்காரர்கள் எல்லோரும் அவள் பெஞ்சில் உட்கார்ந்துதான் வளர்ந்தார்கள். எவன் எப்படிக் கிள்ளுகிறான், எப்படி மெல்லுகிறான், எங்கே பார்த்துக்கொண்டு விழுங்குகிறான் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

"இவன் ஒரு பக்கமாவே மெல்லுறான். தாடை போச்சு" என்பாள். அந்தத் தாடையிலேயே வாங்கிக்கொண்டு அவன் விழுவான். "இவன் மீனத் தொடவே இல்ல, மிளகாய மட்டும் நக்குறான். எடையக் குறைக்கிறேன்னு உடம்பக் காயப் போட்டுட்டான். கால் நிக்காது" என்பாள். கால் நிற்காது. இதையெல்லாம் அவள் ரகசியமாகச் சொல்வதில்லை. சம்பந்தப்பட்டவன் எதிரிலேயே, மிளகாய் அள்ளி வைத்துக்கொண்டே சொல்வாள். ஒருத்தன் காதில் ஒன்று, இன்னொருத்தன் காதில் வேறொன்று என்ற பேச்சே அவளிடம் கிடையாது. அதனால்தான் இரண்டு தரப்பும் அவளிடம் வந்து கேட்டன. லாமிலே சொன்னால் சரியாயிருக்கும் என்று எதிராளியின் ஆட்களே சொன்னார்கள். அவளுக்கு அதில் பெருமை இல்லாமல் இல்லை. பிள்ளை குட்டி பெறாத, புருஷன் நிலைக்காத ஒரு பெண்ணுக்கு ஊரில் அப்படி ஒரு பெயர் இருந்தால் யாருக்குத்தான் பெருமை இருக்காது?

பெறாத குறைக்கு அடோட்டே இருந்தான். லாமிலேயின் தங்கை பெற்றுப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிய பிள்ளை. வளர்த்தவள் லாமிலே. அவனைச் சண்டைக்காரனாக்கியது அவளுடைய அண்ணன் சோவா. வீட்டின் பின்கட்டில் மணல் மூட்டையைக் கட்டித் தொங்கவிட்டு, பேட்டைப் பையன்களுக்குக் குத்துப் பழக்குகிறவன். கடைசியில் அடோட்டேயின் வலது கை எப்படி ஆகிவிட்டதென்றால், அது பட்டவன் எவனும் பத்து எண்ணுவதற்குள் எழுந்ததில்லை.

லாமிலேயின் பக்கத்துக் கடை ஷோர்மேயுடையது. அவள் மீன் பொரிப்பவள். கெங்கேக்கு மீன் வேண்டும், மீனுக்குக் கெங்கே வேண்டும். ஒருத்தி வராத நாளில் மற்றவளுக்கும் வியாபாரம் படுத்துவிடும். ஒரே குடைக்குக் கீழே இருவரும் உட்கார்ந்து, வாய் ஓயாமல் பேசி, வாரம் ஒருமுறை சண்டை போட்டு, அன்று சாயங்காலமே சமாதானமாகிவிடுவார்கள். ஷோர்மேயின் ஒரே மகன்தான் அந்த ஒகாய், இடது கை ஒகாய். சின்ன வயதில் அடோட்டேயும் அவனும் ஒரே தட்டில் கை போட்டவர்கள். ஒகாய் லாமிலேயைச் சின்னம்மா என்பான். அடோட்டே ஷோர்மேயைப் பெரியம்மா என்பான்.

இந்த இரண்டு பேரையும் ஒரே மேடையில் ஏற்ற வேண்டும் என்று யாருக்குத் தோன்றியதோ, கிறிஸ்மஸுக்கு மறுநாள் மத்தியானம் சண்டை என்று அறிவித்துவிட்டார்கள். பேட்டைக்குப் பைத்தியம் பிடித்தது. இருவருமே அடிக்கப் பிறந்தவர்கள். தடுக்கிற வேலையை இருவரும் கற்றுக்கொண்டதே இல்லை. அடோட்டேயின் வலது முதலில் விழுமா, ஒகாயின் இடது முதலில் விழுமா என்பதுதான் கேள்வி. மூன்று ரவுண்டுக்கு மேல் போகாது என்பதில் மட்டும் எல்லோரும் ஒற்றுமையாக இருந்தார்கள்.

"லாமிலே, யாரு?" என்று கேட்காத வாய் இல்லை.

"சாப்பிட்டியா, எழுந்து போ" என்பாள் லாமிலே.

"நீ சொல்லு, நாங்க யார்கிட்டயும் சொல்லல."

"ஒருத்தன் நான் வளர்த்தவன், இன்னொருத்தன் இவ பெத்தவன். நான் என்னத்தச் சொல்றது? வேணும்னா உன்னப் பத்திச் சொல்றேன். நீ தின்ன மீனுக்குக் காசு குடுக்காம நழுவப் போற."

பெஞ்சே சிரிக்கும். ஷோர்மேயும் எண்ணெய்ச் சட்டிக்குப் பின்னாலிருந்து சிரிப்பாள். இருவரும் பேசி வைத்துக்கொண்டிருந்தார்கள். அன்று மைதானத்துக்குப் போவதில்லை, சண்டையைப் பற்றிப் பேசுவதும் இல்லை. "யாரு விழுந்தாலும் மறுநாள் அடுப்பப் பத்த வைக்கணும்டீ" என்றாள் ஷோர்மே. லாமிலேயும் சரியென்றாள்.

டிசம்பர் பிறந்து, வடக்கேயிருந்து வறண்ட காற்று தூசியை வாரிக் கொட்டத் தொடங்கியிருந்தது. ஒருநாள் அடோட்டே வழக்கம்போல் பெஞ்சில் வந்து உட்கார்ந்தான். கை கழுவினான். கெங்கேயை அழுத்தினான். அழுத்தியவன் உதட்டைக் கடித்துக்கொண்டு சட்டென்று விரலை எடுத்துவிட்டான். பிறகு கட்டைவிரலையும் கடைசி இரண்டு விரலையும் வைத்து நோண்டி நோண்டி எடுத்தான். லாமிலே கரண்டியோடு அப்படியே நின்றாள்.

"கைக்கு என்னடா?"

"ஒண்ணுமில்லம்மா."

"கொஞ்சம் காட்டு."

"சும்மா இரும்மா, எல்லாரும் பாக்குறாங்க" என்று கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டான்.

அடுத்த நாள் கெங்கே வேண்டாம், கஞ்சி போதும் என்றான். அதற்கடுத்த நாள் பின்கட்டில் சோவா ஏதோ எண்ணெயைச் சூடுபண்ணி அவன் வலது கை விரல் முட்டியில் தேய்த்துக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். லாமிலே அண்ணனைத் தனியாக இழுத்துப் பிடித்தாள்.

"அண்ணே, புள்ளைக்கு வலது கை போயிருக்கு. இந்தக் கைய வெச்சுக்கிட்டு ஒகாய் முன்னாடி நின்னா அவன் இவனக் கொன்னுடுவான். சண்டையத் தள்ளிப் போடு."

"டிக்கெட் வித்தாச்சு. பேசாம போ."

"உனக்கு டிக்கெட்தான் கவலையா?"

"உன் வேலை பானையோட. வெளியில மூச்சு விட்டேன்னு தெரிஞ்சா அண்ணன் தங்கச்சின்னு பாக்க மாட்டேன்."

அப்போதும் அவளுக்கு ஒரு ஓரத்தில் சந்தேகம் இருந்தது. சோவா சூதுக்காரன். சின்ன வயதிலேயே மாங்காய் திருடிவிட்டு மற்றவன் மேல் பழியைப் போட்டவன். ஆனால் அந்தச் சந்தேகத்தையும் ஒரு காட்சி வந்து துடைத்துவிட்டது. ஒரு காலையில் வீட்டுக்குள் எதையோ எடுக்க நுழைந்தவள், அறைக் கதவு இடுக்கு வழியாகப் பார்த்தாள். அடோட்டே சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். இடது கையால்.

இடது கையால்! அந்த ஊரில் ஒருவனுக்கு இடது கையை நீட்டி வழிகூடக் காட்ட மாட்டார்கள். தவழும் பிள்ளை இடது கையால் பிஸ்கட்டைத் தொட்டாலே பட்டென்று ஒரு அடி விழும். அடோட்டேக்கு அந்த அடியைக் கொடுத்து வலது கையைப் பழக்கியதே லாமிலேதான். யாரும் பார்க்காத இடத்தில், சுவரைப் பார்த்துக்கொண்டு, ஒருவன் இடது கையால் சோற்றை அள்ளித் தின்கிறான் என்றால் அவனுக்கு வலது கை என்று ஒன்று இல்லை என்றுதான் அர்த்தம். பொய்க்காகத் தலையில் கட்டுப் போட்டுக்கொள்வான் மனுஷன், நொண்டுவான், கண்ணீர்கூட விடுவான். இதை எவனும் செய்ய மாட்டான். லாமிலே அப்படித்தான் நினைத்தாள். புக்கோமில் யாராயிருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். அவள் சத்தம் காட்டாமல் வெளியே வந்து, வாசல் படியில் உட்கார்ந்து அழுதாள்.

சொல்வதா வேண்டாமா என்று அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. சொன்னால் வளர்த்த பிள்ளையைக் காட்டிக்கொடுத்த பாவம். சொல்லாவிட்டால் அவன் பிணமாக வருவான். கடைசியில் பெஞ்சு காலியாயிருந்த ஒரு நேரம் பார்த்து ஷோர்மேயின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நம்ம பேசக் கூடாதுன்னு வெச்சிருந்தோம். நான் பேசப் போறேன். என்ன மன்னிச்சுடு."

"என்னடீ, என்ன ஆச்சு?"

"அடோட்டேக்கு வலது கை இல்ல. உடைஞ்சு போச்சு. இடது கையால சாப்பிடுறான், என் ரெண்டு கண்ணால பாத்தேன். அந்தச் சண்டாளன் சோவா அவன ஏத்தாம விட மாட்டான். ஒகாய்தான் ஜெயிப்பான், அதுல சந்தேகமே இல்ல. ஜெயிக்கட்டும். ஆனா என் புள்ளைய அடிச்சுக் கொன்னுட வேணாம்னு சொல்லு. உன் கால்ல விழுறேன்."

ஷோர்மே சட்டியை இறக்கி வைத்துவிட்டாள். மீன் பாதியில் நின்றது. "ஏய், எழுந்திரு. கால்ல விழுற வேலையெல்லாம் வெச்சுக்காத" என்று அவளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "அவனும் என் கையில தின்ன புள்ளதான. ஒகாய்கிட்ட நான் சொல்றேன். தலையில தொடாத, விலாவுல ரெண்டு போட்டு உக்கார வெச்சுடுன்னு சொல்றேன். நான் சொன்னா கேப்பான்."

"யார்கிட்டயும்..."

"என் வாய் உனக்குத் தெரியாதா?"

அன்றிரவு லாமிலே நிம்மதியாகத் தூங்கினாள். மகன் தோற்பான், ஆனால் உயிரோடு வருவான். ஒரு தாய்க்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

சண்டை நாளில் பேட்டையில் ஈ காக்கை இல்லை. இருந்தவர்களும் ரேடியோவைச் சுற்றி மொய்த்திருந்தார்கள். லாமிலே வீட்டு வாசலில் முக்காலியில் உட்கார்ந்து, பக்கத்து வீட்டு ரேடியோவைக் கேட்டுக்கொண்டிருந்தாள். முதல் ரவுண்டில் அடோட்டே வலது கையை ஒரு தடவைகூட வீசவில்லை. நெஞ்சோடு ஒட்டி வைத்துக்கொண்டு பின்னாலேயே போனான். 'அந்தக் கைக்கு என்ன ஆயிற்று?' என்று ரேடியோக்காரன் கத்தினான். லாமிலே கண்ணை மூடிக்கொண்டாள்.

இரண்டாவது ரவுண்டு. 'ஒகாய் நெருங்கிவிட்டான், ஆனால் தலைக்குப் போகவில்லை! விலாவையே தேடுகிறான்! மீண்டும் விலா! ஏன் தலையை விட்டுவிடுகிறான்?' ஏன் என்று லாமிலேக்குத் தெரியும். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறான் பிள்ளை. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. 'தங்கமே, நீ நல்லா இருப்ப' என்று வாய்விட்டே சொன்னாள்.

விலாவில் அடிக்க வேண்டுமானால் இடது கையைக் கீழே இறக்க வேண்டும். இறக்கினால் அந்தப் பக்கத்துத் தாடைக்குக் காவல் கிடையாது. எதிரே வலது கை இல்லாதவன் நிற்கிறான் என்றால் காவல் எதற்கு?

அடோட்டேயின் வலது கை வந்தது. ரேடியோக்காரனுக்குக்கூடச் சொல் வரவில்லை, ஏதோ ஒரு சத்தம்தான் வந்தது. பிறகு, 'ஒகாய் விழுந்துவிட்டான், தலை தரையில் மோதிவிட்டது, எழவில்லை, எழவில்லை' என்றான். தெருவே துள்ளியது. லாமிலே மட்டும் முக்காலியில் இருந்து எழவில்லை. எந்தக் கை, எந்தக் கை என்று பக்கத்து வீட்டுக்காரியைக் கேட்டுக்கொண்டேயிருந்தாள். "வலது கைதான்! உன் மவன் வலது கை! வேற எது?" என்று அவள் லாமிலேயைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தாள்.

பொழுது சாய்வதற்குள் அடோட்டேயைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊர்வலம் வாசலுக்கு வந்துவிட்டது. மேளம், கூச்சல், வெற்றிக்கென்று மேலே கொட்டிய வெள்ளைப் பவுடர். சோவா குடித்திருந்தான். தங்கையின் தோளைத் தட்டி, "எந்த ரேடியோவாலயும் உன்ன மாதிரி ஒகாய நம்ப வைக்க முடியாது!" என்று சிரித்தான். லாமிலே யாரையும் பார்க்கவில்லை. அடோட்டேயை அறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"கையக் காட்டு."

காட்டினான். முட்டியில் ஒரு சிராய்ப்பு. மூடித் திறந்து காட்டினான். ஐந்து விரலும் ஒழுங்காக மடங்கின.

"நடிச்சியா?"

"மாமா ஐடியாம்மா. ஒகாய்க்கு இந்தக் கை மேலதான் பயம். பயம் போனாத்தான் உள்ள வருவான். யாரு சொன்னா நம்புவான்? நீ சொன்னா நம்புவான்."

"நான் சொல்வேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? சொல்லாமலே இருந்திருந்தா?"

அடோட்டே குழந்தை மாதிரிச் சிரித்தான். வெட்கமோ பயமோ அந்த முகத்தில் துளிகூட இல்லை. "நீ சொல்லாம இருப்பியாம்மா? எனக்கு ஒண்ணுன்னா உனக்கு உயிரே போயிடுமே. மாமாவுக்குத்தான் சந்தேகம். நான்தான் சொன்னேன், அம்மா கண்டிப்பா ஓடுவாங்கன்னு. உன் பாசத்து மேல எனக்கு அவ்வளவு நம்பிக்கை!"

"இடது கையால சாப்பிட்டியேடா."

"அதுதாம்மா ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு. ரெண்டு நாள் பழகினேன். நீ கதவுகிட்ட நின்னது எனக்குத் தெரியும்."

லாமிலேயின் கை தானாக ஓங்கியது. ஆனால் அடிக்கவில்லை. அவன் மேல் அடி விழக்கூடாதென்றுதானே இவ்வளவும் செய்தாள்! கையைத் தாழ்த்திக்கொண்டு, கெஞ்சுகிற குரலில் சொன்னாள். "ஷோர்மே பெரியம்மாகிட்டப் போ. எனக்கு எதுவும் தெரியாது, நீங்க என்ன ஏமாத்தினீங்கன்னு உன் வாயால சொல்லு. அது ஒண்ணு போதும்."

"ஐயோ, அது முடியாதும்மா. நான் நடிச்சேன்னு வெளியில தெரிஞ்சா ஏமாத்துக்காரன்னு பேர் வந்துடும். நீதான் கதை கட்டிப் பெரியம்மாவ நம்ப வெச்சேன்னு மாமா சொல்லிட்டு வந்ததுல, இப்பவே எல்லாரும் அது உன் மூளைன்னு நினைச்சுப் புகழுறாங்க. அப்படியே இருந்துட்டுப் போகட்டுமே. உனக்கும் பெருமைதான?"

வெளியே அவன் பெயரைச் சொல்லிக் கூவினார்கள். அவள் நெற்றியில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டுப் போனான். முத்தமும் உண்மையான முத்தம்தான். அவள் நெஞ்சை அறுத்தது அதுதான். பகையோடு செய்திருந்தால் திட்டித் தீர்த்திருப்பாள். அவளுடைய அன்பை உரித்துப் பார்த்து, எங்கே பிடித்தால் எந்தப் பக்கம் ஓடும் என்று கணக்குப் போட்டு, பிறகு அதே அன்பை மெச்சியும் விட்டுப் போகிறவனை என்ன செய்வது?

ஒகாய் பிழைத்துக்கொண்டான். இடது கண் மங்கிவிட்டது, பேச்சு மெதுவாக வருகிறது, இனிமேல் கையுறை மாட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியில் லாமிலேயைக் கண்டதும் ஷோர்மே சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். விருந்தும் புதுத்துணியும் இல்லாமல் ஷோர்மே வீட்டில் புது வருஷம் பிறந்தது.

பேட்டை மட்டும் லாமிலேயைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் அவளைப் பார்க்கவென்றே கெங்கே தின்ன வந்தார்கள்.

"என்ன மூளை லாமிலே உனக்கு! சிநேகிதி தோள்ல சாஞ்சு அழுதியாமே! நான்னா சிரிச்சுக் காட்டிக் கொடுத்திருப்பேன்."

"எனக்குத் தெரியாதுய்யா. சத்தியமா தெரியாது. என்னையும்தான் ஏமாத்தினாங்க."

"ஆமா ஆமா, உனக்கு ஒண்ணுமே தெரியாது!" என்று கண்ணடிப்பார்கள். பெஞ்சே உருண்டு சிரிக்கும். அவள் சத்தியம் பண்ணப் பண்ண அவளுடைய சாமர்த்தியத்துக்கு மவுசு ஏறியதே தவிர, ஒருவனும் நம்பவில்லை. ஒருவன் மெல்லுவதைப் பார்த்தே அவன் தாடையைச் சொல்லுகிறவளை யார் ஏமாற்ற முடியும்?

ஷோர்மே திரும்ப வந்தபோது சட்டியைக் குடைக்குக் கீழே வைக்கவில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம், லாரிகள் நிற்கிற இடத்தில் புகையில் உட்கார்ந்து பொரித்தாள். கெங்கே வாங்கியவர்கள் இலையைக் கையில் பிடித்துக்கொண்டு ரோட்டைத் தாண்டி மீனுக்கு ஓடினார்கள். கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்த லாமிலே, ஒரு மத்தியானம் பானையை அப்படியே விட்டுவிட்டு ரோட்டைத் தாண்டினாள். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனசுக்குள் ஒத்திகை பார்த்திருந்தாள். சட்டிக்கு முன்னால் நின்றதும் எல்லாம் மறந்துவிட்டது.

"அக்கா, நான் ஏமாந்துட்டேன்" என்றாள்.

ஷோர்மே மீனைத் திருப்பிப் போட்டாள். நிமிரவில்லை.

"அவன் இடது கையால தின்னத நெஜமாவே பாத்தேன். நம்பிட்டேன். எனக்கு எதுவும் தெரியாதுக்கா. நான் பொய் சொல்லலக்கா, என்ன நம்பு."

இப்போது ஷோர்மே நிமிர்ந்தாள். கோபமாக இருந்தால்கூடத் தேவலை. வியாபாரத்தில் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"நீ சொன்னத நம்புனதுக்குத்தான் என் புள்ள வீட்டுல படுத்துக் கிடக்குறான் லாமிலே. திரும்பவும் நம்பச் சொல்றியா?"

பின்னாலிருந்து ஒரு லாரிக்காரன் இரண்டு மீன் கேட்டான். ஷோர்மே அவனுக்குப் பொட்டலம் மடிக்கத் தொடங்கினாள். லாமிலே சற்று நேரம் அங்கேயே நின்றாள். பிறகு, வாங்க வருகிறவர்களுக்கு இடைஞ்சலாக இருக்கிறோம் என்று பட்டதும் விலகி வழிவிட்டாள்.